பிரைமருக்கு வைத்த பொட்டு

கலர் அடிப்பதைச் சொல்லித்தர உங்களுக்கு ஆளுக்குக் குறைவில்லை. ஸ்ப்ரே கன்னை எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, எத்தனை கோட் அடிப்பது, எந்த நம்பர் எமரி பேப்பரால் தேய்ப்பது என்று எல்லாம் உங்கள் போனிலேயே இருக்கிறது. என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். முப்பத்தைந்து வருடம் கார் பெயிண்டராக இருந்துவிட்டு ஊரப்பாக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் என்னிடம் அதைக் கேட்க வேண்டியதில்லை. நான் செய்த தப்புகளை மட்டும் வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அதில் சரக்கு நிறைய இருக்கிறது. இன்றைக்கு ஒன்று போதும்.

தாம்பரத்தில் வேலை பார்த்த பட்டறையை விட்டுவிட்டு, நானும் ஃபாரூக்கும் சேர்ந்து வீட்டுக்கே போய் வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க ஆரம்பித்திருந்த நேரம். ஃபாரூக் என் வயதுக்காரன். கை சுத்தம், வாய் கிடையாது. ஒரு சின்ன கம்ப்ரஸர், இரண்டு கன், ஒரு மூட்டை பேப்பர், தார்ப்பாய். இவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

முடிச்சூரில் தேவராஜ் அண்ணன் என்று ஒருவர் கூப்பிட்டார். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலத்தில் இப்போது செங்கல்லும் ஜல்லியும் குவித்து வியாபாரம் செய்கிற குடும்பம். பெரிய வீடு. பக்கத்தில் கார் நிறுத்தத் தகரக் கொட்டகை. உள்ளே பதினான்கு வயதான ஒரு வெள்ளைக் கார், அங்கங்கே சொறி பிடித்தமாதிரி நின்றுகொண்டிருந்தது.

"மெரூன் கலர் அடிக்கணும். ஞாயித்துக்கெயம காலைல பத்து மணிக்கு வண்டி மின்னணும்" என்றார்.

"என்னண்ணா விசேஷம்?"

"பொண்ணுக்குச் சம்பந்தம் பேச வராங்க."

பெண் பெயர் நித்யா. சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை. அதே ஆபீஸ் பஸ்ஸில் தினமும் வருகிற பிரகாஷ் என்ற பையனை அவளுக்குப் பிடித்துவிட்டது. பையனின் அப்பா கோவளத்தில் சொந்தமாகப் படகு வைத்து மீன் பிடிப்பவர். தேவராஜ் அண்ணன் முதலில் முடியாது என்று சொல்லி, பிறகு மூன்று மாதம் மகளோடு பேசாமல் இருந்து, கடைசியில் அது அலுத்துப்போய்ச் சம்மதித்திருக்கிறார். சம்மதித்தவர் சும்மா இருக்காமல், போனில் சம்பந்தியிடம் "புதுசா ஒரு வண்டி வந்து நிக்குது" என்று சொல்லிவிட்டார். அந்த "புதுசு" நாங்கள் அடிக்கப்போகிற மெரூன்தான்.

புதன்கிழமை கலருக்கு அடியில் போடுகிற பிரைமர் அடித்தோம். வெள்ளிக்கிழமை காலை தண்ணீர் விட்டுத் தேய்த்து முடித்து, மாலை கலர், சனிக்கிழமை பாலிஷ், ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி. கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஐப்பசி மாதம் என்பதை மட்டும் நான் கணக்கில் சேர்க்கவில்லை. மேகம் வேறு கட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன்னால் கலர் அடித்துவிட வேண்டும் என்று நான் தேய்த்த வேகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அந்த வேகத்தில், இடது கதவில் கைப்பிடிக்கு மேலே ஓடுகிற மடிப்பில், பிரைமரைத் தாண்டித் தகரம் வரைக்கும் தேய்த்துவிட்டேன். ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று வெள்ளித் தகரம். விளிம்பிலும் மடிப்பிலும் கை தானாகவே அழுத்தும். அங்கே மெதுவாகப் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துதான் செய்தேன்.

ஃபாரூக் பார்த்தான். "தகரம் தெரியுதுடா."

"கலர்ல மறைஞ்சிடும்."

"மறையும். ஆறு மாசம் கழிச்சுத் தோல் உரிஞ்சி வரும்."

"ஆறு மாசத்துல கல்யாணமே முடிஞ்சிடும். வா, சாப்ட்டு வரலாம்."

வண்டியை மூடாமல் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். முதல் தப்பு தேய்த்தது. இரண்டாவது தப்பு, "மறைஞ்சிடும்" என்றது. மூன்றாவது, தார்ப்பாய் போடாமல் போனது. அன்றைக்கு நான் நிறுத்துகிற மாதிரியே இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினால், கொட்டகையில் கற்பூர வாசனை. தேவராஜ் அண்ணனின் மனைவி கஸ்தூரி அக்கா குளித்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு காருக்கு முன்னால் கண்ணை மூடி நின்றிருந்தார். பானெட்டில் மூன்று விரல் சந்தனப் பட்டை. அதன் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் குங்குமம். நான்கு கதவிலும், டிக்கியிலும், கண்ணாடி ஓரத்திலும் பொட்டு. பானெட் மேலேயே ஒரு அகல் விளக்கு, அதிலிருந்து நல்லெண்ணெய் மெதுவாக வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, என்னக்கா இது?"

"வெள்ளிக்கிழமை இல்ல? புதுக் கலர் அடிச்சிருக்கீங்க. பூஜை போட்டுட்டேன்." காரைத் தடவிப் பார்த்து, "நான் சொன்னா தப்பா நினைக்காதீங்க தம்பி, இந்தக் கலர் எனக்கு அவ்வளவா பிடிக்கல. எருமைச்சாணி மாதிரி இருக்கு. இவர்தான் மெரூன்னு சொன்னாரு. இதுவா மெரூன்?" என்றார்.

அந்தப் பெண்மணி மேல் தப்பே இல்லை. பிரைமர் என்றால் என்ன என்று மூன்று நாளில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறேனா? இது அடிப்பூச்சு, கலர் இன்னும் வரவில்லை, இது ஈரத்தையும் எண்ணெயையும் உறிஞ்சும், யாரும் தொடாதீர்கள் என்று சொல்ல அரை நிமிடம் ஆகுமா? சொல்லவில்லை. நம் தொழிலில் நமக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

தேய்த்த பிரைமர் சுண்ணாம்புச் சுவர் மாதிரி. குங்குமத்தையும் எண்ணெயையும் குடித்துவிட்டிருந்தது. அதன் மேலேயே கலர் அடித்தால் எண்ணெய் பட்ட இடத்தில் பெயிண்ட் ஒட்டாமல் விலகி ஓடும். சிவப்பு மேலே ஊறி வரும். ஆனால், இதைக் கவனமாகக் கேளுங்கள், அதைச் சரிசெய்ய இரண்டு மணி நேரம் போதும். பட்ட இடத்தைத் துடைத்து, தேய்த்து எடுத்துவிட்டு மாலையே கலர் அடித்திருக்கலாம். மறுபடி பிரைமர் போட்டு ஒரு நாள் காய விட வேண்டியது, நான் தகரம் வரை தேய்த்த அந்த ஒரு சாண் இடத்துக்காகத்தான்.

தேவராஜ் அண்ணன் வந்தார். "இன்னா, ஆரம்பிக்கலியா?"

என் வாய் திறந்தது. வெளியே வந்தது இதுதான்: "அக்கா பொட்டு வெச்சிட்டாங்கண்ணா. பிரைமர் கெட்டுப்போச்சு. மறுபடி போடணும். ஞாயித்துக்கிழமைக்குள்ள முடியாது."

ஃபாரூக் என்னைப் பார்த்தான். நான் காரைப் பார்த்தேன்.

தேவராஜ் அண்ணன் மனைவி பக்கம் திரும்பினார். "உன்ன எவன் பூஜ போடச் சொன்னான்? சம்பந்தி கிட்ட வண்டி கீதுன்னு சொல்லிக்கீறேன். இப்ப இந்தச் சாணிய காட்டவா?"

கஸ்தூரி அக்காவின் முகம் சின்னதாகிவிட்டது. விளக்கை எடுத்துக்கொண்டார். உள்ளே போகப்போனவர் நின்று, "தம்பி, அந்தப் பொட்டையெல்லாம் என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

"தேய்ச்சு எடுக்கணும்க்கா."

"கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டுல, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, குங்குமத்தை அழிக்கிறதா?"

தேவராஜ் அண்ணனின் கோபம் போன இடம் தெரியவில்லை. சாமி விஷயத்தில் வீட்டுக்காரம்மாவை எதிர்த்துப் பேசும் தைரியம் அவருக்குக் கிடையாது. வண்டி பொட்டோடு அப்படியே நின்றது. தொடக்கூடாது, தொடாமலும் இருக்கக்கூடாது.

காப்பாற்றியது ஃபாரூக். அவன் பத்து வயதிலிருந்து ஒரு அம்மன் கோயிலுக்கு எதிர் வீட்டில் வளர்ந்தவன்.

"அக்கா, உங்க கோயில்ல சாமிக்குச் சந்தனக்காப்பு போடறாங்களே, அத அப்டியேவா உட்டு வெக்கிறாங்க?"

"இல்ல. மறுநாள் களைஞ்சிடுவாங்க."

"களைஞ்சிட்டு?"

"அபிஷேகம் பண்ணி, அடுத்த அலங்காரம்."

"அதான்க்கா. நாங்க பண்றது அபிஷேகம். தண்ணி ஊத்தித்தான் தேய்க்கிறோம். அப்பறம் மெரூன் அலங்காரம்."

கஸ்தூரி அக்கா உள்ளே போனார். வரும்போது கையில் பித்தளைக் குடம். "அபிஷேகம்னா நான்தான் ஊத்துவேன்."

"தாராளமா ஊத்துங்கக்கா" என்றேன். குடத்தை எட்டிப் பார்த்தால், பால்!

"அய்யோ, பால் வேணாம்க்கா."

"ஏன்? எங்க வீட்டு மாட்டுப் பால். ஒரு சொட்டு தண்ணி கலக்கல."

"அதான்க்கா பிரச்னை. கொழுப்பு."

"யாருக்கு?" என்றார் தேவராஜ் அண்ணன், பின்னாலிருந்து, மிகவும் கண்டிப்பான குரலில்.

விளக்கிச் சொல்லிப் பாலைத் திருப்பி அனுப்பி, பிறகு மஞ்சள் தண்ணீரையும் வேண்டாம் என்று கெஞ்சி, கடைசியில் வெறும் தண்ணீருக்கு உடன்பாடு ஆயிற்று. அக்கா குடத்தால் ஊற்ற, நானும் ஃபாரூக்கும் ஆளுக்கொரு பேப்பரோடு தேய்க்க, அவர் மெதுவான குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார். இடது கதவுக்கு வந்தபோது அந்த மடிப்பிலும் ஒரு பொட்டு இருந்தது. சரியாக என் தகரத்தின் மேல். தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். உள்ளேயிருந்து வெள்ளித் தகரம் என்னைப் பார்த்து இளித்தது. அக்காவுக்கு அது என்னவென்று தெரியவில்லை. நான் அவருக்குச் சொல்லவும் இல்லை.

துடைத்து முடிக்கவும் மழை பிடித்துக்கொண்டது. இரவு முழுக்க, சனிக்கிழமை முழுக்க. கொட்டகையின் மூன்று பக்கமும் சாரல். காற்றே ஈரத் துணி மாதிரி இருந்தது. தேவராஜ் அண்ணன் குடையோடு நாலு முறை வந்தார்.

"மேலாப்ல கலர மட்டும் அடிச்சுடு தம்பி. ஒரு நாள் நின்னா போதும். அப்பறம் நீ திரும்ப அடிச்சிக்க."

"ஈரத்துல அடிச்சா பாலாடை மாதிரி வெளுத்துப்போயிடும்ணா. அடிக்க மாட்டேன்."

இந்த ஒரு விஷயத்தில் நான் உறுதியாக நின்றேன். அதில் எனக்குப் பெருமை என்று நினைக்காதீர்கள். நிற்க வேண்டிய இடத்தில் நின்றேன். ஆனால் என் காலடியில் இருந்தது ஒரு பொய். மதியம் நித்யா எங்களுக்கு டீ கொண்டுவந்தபோது, "அம்மா நேத்திலிருந்து சாப்பிடல அண்ணா. தன்னாலதான் எல்லாம் கெட்டுப்போச்சுன்னு உக்காந்திருக்காங்க" என்றாள். நான் டம்ளரைக் கீழே வைத்தேன். ஃபாரூக் என் டீயையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "நீ சொல்றியா, நான் சொல்லவா?" என்றான்.

"நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மழை விட்டிருந்தது. காலை எட்டரைக்கே நாங்கள் போய்விட்டோம், தார்ப்பாயால் வண்டியை முழுக்க மூடிக் கண்ணுக்குத் தெரியாமல் செய்யலாம் என்ற எண்ணத்தில். கொட்டகைக்குள் நுழைவதற்குள் உள்ளேயிருந்து ஒரு அலறல்.

கஸ்தூரி அக்கா இடது கதவின் முன்னால் கைகூப்பி நின்றிருந்தார். கதவின் மடிப்பில், நான் துடைத்து எடுத்த அதே இடத்தில், ஒரு சாண் நீளத்துக்குச் செக்கச்செவேல் என்று சிவப்பு.

"திரும்பி வந்துடுச்சு" என்றார். "அழிச்சது திரும்பி வந்துடுச்சு. அம்மன் சொல்லிட்டா. இந்தச் சம்பந்தம் வேண்டாம்."

நித்யா ஓடிவந்தாள். தேவராஜ் அண்ணன் பாதி கட்டிய வேட்டியோடு வந்தார். பார்த்தவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா, நீ வெச்ச குங்குமத்தோட கறைம்மா அது" என்று நித்யா சொல்லச் சொல்ல, அக்கா காதில் வாங்கவில்லை. "அவங்களுக்குப் போன் போடுங்க. வர வேணாம்னு சொல்லுங்க."

போன் போடத் தேவையில்லாமல் போயிற்று. அதே நேரம் வாசலில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது. ஒன்பது மணிக்கே வந்துவிட்டார்கள். பிரகாஷ், அவன் அம்மா, அவன் அப்பா மாணிக்கம். மாணிக்கம் கறுத்து, அகன்ற தோளோடு, கஞ்சி போட்ட சட்டைக்குள் மூச்சு முட்டிக்கொண்டு நின்றார். கையில் ஒரு பெரிய வஞ்சிரம், வாழை இலையில் சுற்றி.

யாரும் வாங்க என்று சொல்லவில்லை. அவர் கொட்டகையில் கூடியிருந்த கூட்டத்தைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த நித்யாவைப் பார்த்தார். "இன்னா ஆச்சு? யாருக்காவது ஒடம்பு செரியில்லியா?"

கஸ்தூரி அக்கா கதவைக் காட்டினார். "என்னாலதாங்க. பொட்டு வெச்சேன், அழிச்சாங்க, திரும்ப வந்திருக்கு. மன்னிச்சிக்குங்க, இது நடக்க வேண்டாம்."

பிரகாஷ் நித்யா பக்கம் ஓரடி எடுத்து வைத்தான். இனி "நாளைக்கு" என்று சொல்ல எனக்கு நாளே மிச்சமில்லை.

"அக்கா, அது குங்குமம் இல்ல. துரு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "துருக்கா. அந்த எடத்துல நான் தகரம் வரைக்கும் தேய்ச்சுட்டேன். பிரைமர் இல்லாத தகரத்துல மழை ஈரம் பட்டா ஒரே ராத்திரில இப்படி ஆயிடும். நீங்க பொட்டு வெக்கறதுக்கு முன்னாடியே, வெள்ளிக்கிழமை காலையிலேயே தேய்ச்சுட்டேன். வேலை நின்னது அதனாலதான். உங்களால இல்ல. நான்தான் உங்க மேல பழி போட்டேன்."

அக்கா நம்பவில்லை. சாமி விஷயத்தில் ஒரு பெயிண்டர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும்? எல்லோரும் என்னையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

மாணிக்கம் வஞ்சிரத்தை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்தார். அந்தச் சிவப்பைக் கட்டைவிரலால் தேய்த்தார். விரலை முகர்ந்தார். பிறகு, நான் எதிர்பார்க்கவே இல்லை, நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினார்.

"துருதான்மா. கடல் காத்துல எங்க இன்ஜின்ல தெனம் இதே பேஜாருதான். சாமி வேற எடத்துல வருவா, வண்டிக் கதவுலயா வருவா?" அப்படியே உள்ளங்கையைப் பானெட் வரைக்கும் தடவிக்கொண்டு போனார். "மத்த எடமெல்லாம் நல்லா தேச்சிகீறான். இங்க மட்டும் அவசரப்பட்டுட்டான்."

கஸ்தூரி அக்கா மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ ரெண்டு நாளா நான் பட்டினி கிடந்தது?"

என் கையில் இன்னும் அந்த மீன்தான் இருந்தது.

"அத உள்ள கொடு" என்று பிடுங்கிக்கொண்டு போனார். அந்தப் பிடுங்கலில் என்னை அடித்திருக்கலாம், அவ்வளவு வேகம். ஆனால் போகிற வழியில் நித்யாவின் கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் மூச்சு வந்தது.

மாணிக்கம் காரைச் சுற்றி வந்தார். "ஆமா, இதானா அந்தப் புது வண்டி?"

தேவராஜ் அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டினார். கீழே பார்த்தார். "பதினாலு வருசத்து வண்டி. கலர்தான் புதுசு. அதுவும் இன்னும் வரல."

மாணிக்கம் சிரித்த சிரிப்பில் சட்டையின் மேல் பொத்தான் தெறித்துப் போயிற்று. "புது வண்டி கீதுன்னு நீ சொன்னதுல இருந்து எங்க வூட்ல தூக்கமே இல்ல சம்பந்தி. நாம இன்னாத்துல போயி எறங்கறதுன்னு இவ ஒரே புடுங்கல். வெளிய நிக்குது பாரு, அது எங்க மீன் ஏவாரி வண்டி. பன்னண்டு மணிக்குத் திருப்பித் தரணும். சீட்ல மீன் வாசன வரக்கூடாதுன்னு மீன நான் ஜன்னலுக்கு வெளிய புடிச்சிகினே வந்தேன்."

தேவராஜ் அண்ணனும் சிரித்துவிட்டார். வேலை ஆரம்பித்ததிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

உள்ளே போய்ப் பேச்சு ஆரம்பிக்க வேண்டியதுதானே? மாணிக்கம் நகரவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டு, "தம்பி, பேப்பர் ஒண்ணு குடு. இந்தத் துருவ இப்பவே எடுக்கணும், உட்டா உள்ள போய்டும்" என்றார். அவர் மனைவி வாசற்படியிலிருந்தே கத்தினார்: "சம்மந்தம் பேச வந்த எடத்துல வேல பாக்கற ஆள எங்கனா பாத்துக்கீறீங்களா? வாய்யா உள்ள!"

சாப்பாட்டின்போது கஸ்தூரி அக்கா எல்லோருக்கும் வறுத்த வஞ்சிரம் வைத்தார். ஃபாரூக்குக்கு இரண்டு துண்டு. என் இலைக்கு வந்தபோது ரசம் ஊற்றினார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் அந்த இடத்தில் ஒன்றும் கேட்காதீர்கள்.

செவ்வாய்க்கிழமை வெயில் அடித்தது. அந்தக் கதவை முழுக்கத் தேய்த்து, மறுபடி பிரைமர் அடித்து, காய விட்டு, கலருக்கு முன்னால் நானே போய் அக்காவைக் கூப்பிட்டேன். "இது அடிப்பூச்சுக்கா. தொட்டுப் பாருங்க. கை சுத்தமா இருக்கட்டும்." அவர் கையைக் கழுவித் துடைத்து வந்து, ஒவ்வொரு கதவாக, மடிப்பு மடிப்பாகத் தடவினார். "இங்க சொரசொரன்னு இருக்கு" என்றார். இருந்தது. அன்றிலிருந்து எந்த வீட்டில் வேலை செய்தாலும் கலருக்கு முன்னால் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுத் தொடச் சொல்வேன். கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லிவிடும். நாம் எதையாவது மறைத்து வைத்திருந்தால், அவர்கள் கை அங்கே போவதற்கு முன்பே நம் முகம் சொல்லிவிடும்.

தகரம் தெரியத் தேய்க்காத பெயிண்டர் உலகத்தில் இல்லை. தேய்த்த அந்த நிமிடத்தில் சொன்னால் அது ஒரு நாள் வேலை. சொல்லாமல் விட்டால் அதன் மேல் யாராவது வந்து பொட்டு வைப்பார்கள், யாராவது பட்டினி கிடப்பார்கள், ஒரு கல்யாணமே நின்றுபோகப் பார்க்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

கல்யாணம் தை மாதம் நடந்தது. அது முடிந்த வாரம் மாணிக்கம் போன் செய்தார். "படகு ஒண்ணத் தேச்சு பிரைமர் போடணும். கோவளம் வா."

"நான் கார் பெயிண்டர்ணா. எத்தனையோ பேர் இருக்காங்களே, நான் எதுக்கு?"

"நீ ரெண்டு நாளு பொய் சொன்ன, மூணாவது நாளு நிஜத்த சொன்ன. எனக்கு வாய்ச்ச பெயிண்டருங்க மூணாவது நாளு ஊர்லயே இருக்க மாட்டாங்க."

போனேன். காரைத் தேய்த்த கைக்குப் படகு என்பது தெரு முழுக்க நீளும் சுவர். பத்து நாள் ஆயிற்று. தோள் கழன்றது. மூன்று இடத்தில் பிரைமரைத் தாண்டிப் படகின் ஃபைபர் உடம்பு தெரியத் தேய்த்துவிட்டேன். மூன்றையும் அவர் கேட்பதற்கு முன்பே ஓடிப்போய்ச் சொன்னேன். நான்காவதாக ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. அவர்தான் என் கையைப் பிடித்து அழைத்துப்போய் அதன் மேல் வைத்தார்.